கார்பன் மோனாக்சைடு: கரியமில வாயு அல்ல

மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் இறந்துபோனதாகச் செய்தி வரும்போதெல்லாம் 'கரியமில வாயு தாக்கி' என்றோ 'மூச்சுத்திணறி' என்றோ எழுதிவிடுகிறார்கள். முதலாவது தவறு, கொல்வது கார்பன் மோனாக்சைடு. இரண்டாவது அதைவிட மோசம், ஏனென்றால் படிப்பவரை அது ஏமாற்றும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர். லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. கிரேக்கத்தில் 'மோனோஸ்' என்றால் ஒற்றை. 'ஆக்சைடு' என்பது 1787-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் உண்டாக்கிய சொல். ஆக்சிஜனோடு கூடிய சேர்மத்துக்கு வைத்த பெயர். ஆக ஒரு கரி அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது கார்பன் மோனாக்சைடு. இந்த ஆக்சிஜன் என்ற பெயருக்குள்ளேயே ஒரு பழைய பிழை இருக்கிறது. 'ஆக்சிஸ்' என்றால் புளிப்பு, கூர்மை. அமிலங்களுக்கெல்லாம் இதுவே மூலம் என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே நம்பினார். 'புளிப்பை உண்டாக்குவது' என்று பெயர் வைத்தார். நம்பிக்கை பொய்த்தது, பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் உயிர்வளி என்று புதிதாகப் பெயர் வைத்தவர்கள் அந்தப் புளிப்பைத் தொடவே இல்லை. நல்ல காரியம்.

கரியமில வாயு என்ற பெயரில் மட்டும் புளிப்பு மிச்சமிருக்கிறது. கரி, அமிலம், வாயு. கார்பன் டை ஆக்சைடை ஐரோப்பியர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். நாம் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டோம். அந்த வாயுவுக்கு அது பொருத்தமும்கூட: தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலம் கிடைக்கும், சோடாவின் சுருக்கென்ற ருசி அதுதான். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அமிலமும் தராது. அதைக் கரியமில வாயு என்றால் ஆள் மாறாட்டம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? இலங்கைப் பாடநூல்கள் இதை முன்பே தீர்த்துவிட்டன: காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு. 'ஓர்', 'ஈர்' இரண்டும் நடுவே ஒளிந்திருக்கின்றன. சொல்ல நா கொஞ்சம் தடுமாறும். பிரித்து 'கார்பன் ஓராக்சைடு' என்று எழுதினால் கண்ணுக்கும் தெரியும், வாய்க்கும் வரும். நான் எழுத்தில் அதையே விரும்புவேன். பேச்சில் மோனாக்சைடு போதும்.

இந்த வாயுவை ஆரம்பத்தில் விஞ்ஞானிகளே ஆள் மாற்றித்தான் பார்த்தார்கள். 1776-இல் துத்தநாக ஆக்சைடையும் கரியையும் சூடாக்கி இதைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் லாசோன், நீலமாக எரிவதைப் பார்த்து ஹைட்ரஜன் என்று நினைத்தார். 1800-இல்தான் பிரிட்டிஷ் வேதியியலாளர் குரூக்ஷாங்க் இது கரியும் ஆக்சிஜனும் சேர்ந்தது என்று காட்டினார். அந்த நீலத்தை நாமும் பார்க்கலாம். கரி நன்றாகப் பற்றிப் புகை அடங்கி, கங்கு சிவந்து கிடக்கும்போது மேலே சின்னச் சின்ன நீலச் சுடர்கள் தத்தித் தத்தி ஆடும். அது இந்த வாயு எரிவதுதான். எரியாமல் தப்பியது அறைக்குள் கலக்கும். புகை நின்றதும் 'இனி பயமில்லை' என்று அடுப்பை உள்ளே தூக்கிவருகிறார்களே, அந்த நேரத்தில் கங்கு இந்த வாயுவைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். நிறமில்லை, மணமில்லை. எடையும் ஏறக்குறைய காற்றின் எடையே, அதனால் தரையோரம் தங்காமல் எங்கும் பரவும். கரி என்றில்லை, மூடிய இடத்தில் ஓடும் ஜெனரேட்டர், கார் எஞ்சின், காற்றோட்டமில்லாத குளியலறையில் எரியும் கேஸ் கீசர் எல்லாமே இதைத் தரும்.

உள்ளே போனால் என்ன ஆகிறது? இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்கிறது. நுரையீரல் வேலை செய்கிறது, மூச்சு ஓடுகிறது, ஆனால் ஆக்சிஜனுக்கு உட்கார இடமில்லை. இப்போது 'மூச்சுத்திணறல்' என்ற சொல்லுக்கு வருவோம். நம்மைத் திணறவைப்பது பெரும்பாலும் இரத்தத்தில் கூடும் கரியமில வாயு. இங்கே அது வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருப்பதால் அபாய மணி அடிப்பதில்லை. சிலருக்கு மூச்சு வாங்கலாம். ஆனால் முதலில் வருவது தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி. ஃப்ளூ மாதிரி இருக்கும், காய்ச்சல் மட்டும் இருக்காது. அப்புறம் குழப்பம், கால் தள்ளாட்டம், மயக்கம். தூங்குபவருக்கு இந்த எச்சரிக்கையும் கிடையாது. திணறினால் எழுந்துவிடலாம் என்று நம்பிப் படுப்பவரை அந்தச் சொல் ஏமாற்றுகிறது என்று நான் சொன்னது இதனால்தான்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் குறைந்தால், சந்தேகமே வேண்டாம்; வெளியேறி ஆம்புலன்ஸை அழைக்க வேண்டியதுதான். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரை நம்ப முடியாது. இந்த வாயு ஏறிய இரத்தமும் பளிச்சென்று சிவப்பாக இருப்பதால் அது 98, 99 என்றே காட்டக்கூடும். வெறும் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் ஏறியதில் பாதி இறங்க 4, 5 மணி நேரம் ஆகும்; மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கர்ப்பிணியென்றால் கவலை இரட்டிப்பு, வயிற்றிலுள்ள சிசு தாயைவிட அதிகம் பாதிக்கப்படலாம். பிழைத்தவர்களில் சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்தும் மறதியும் நடைத் தடுமாற்றமும் வருவதுண்டு.

இந்தப் பாதிப்புக்கு 'நச்சுத்தன்மை' என்று எழுதுகிறார்கள். நச்சுத்தன்மை வாயுவின் குணம். ஆளுக்கு நேர்வது நச்சேற்றம். 'கார்பன் ஓராக்சைடு நச்சேற்றம்' என்றே எழுதலாம்.