வாழை நார்மாவு: உரிமம் மட்டும் போதாது

திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கம் ஒரு மகளிர் குழு வாழைமட்டையிலிருந்து நார் பிரித்து, மாவாக்கி, ரொட்டி செய்பவர்களுக்கு விற்றது. உணவுத் தொழில் உரிமம் முறையாக வாங்கியிருந்தார்கள். ஆறாவது மாதம் நோட்டீஸ் வந்தது: 'இந்த மூலப்பொருளுக்கு ஒப்புதல் எங்கே?' அப்படி ஒன்று வேண்டும் என்று உரிமம் கொடுத்த இடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. கடன் மட்டும் அந்தப் பெண்கள் தலையில் நிற்கிறது.

மக்கள் உண்ட வரலாறு இல்லாதவை போன்ற 'புதுவகை உணவு'களை உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 22 கட்டுப்படுத்துகிறது. தரம் வரையறுக்கப்படாத உணவுக்கும் மூலப்பொருளுக்கும் முன் ஒப்புதல் பெறும் வழியை 2017ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை சொல்கிறது. ஒப்புதல் தருவது டெல்லியிலுள்ள இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் (FSSAI). மாவட்ட அலுவலகத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. அங்கே எத்தனை முறை நடந்தாலும் 'பார்க்கலாம்' என்ற பதில்தான் கிடைக்கும்.

பலர் விழும் குழி இதுதான்: 'வாழைத்தண்டைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோமே!' சாப்பிட்டது உள்தண்டை. வெளிமட்டையை நாம் வழக்கமாகச் சமைப்பதில்லை; ஆகவே அதற்கு உண்ட வரலாறு உண்டு என்று காட்டுவது கடினம். உள்தண்டாகவே இருந்தாலும், காயவைத்து அரைப்பது வேறு, காரப்பொருளோ (alkali) நொதியோ (enzyme) சேர்த்து நாரை மட்டும் பிரிப்பது வேறு. புதிய தொழில்நுட்பத்தால் பொருளின் சேர்க்கையோ அமைப்போ கணிசமாக மாறினால் அதைப் புதுவகை உணவாகவே பார்ப்பார்கள். இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் செய்முறையைப் படிப்படியாக எழுதி, ஒப்புதல் வேண்டுமா என்று ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை வைத்து ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

'தனியுரிம உணவு (தரம் வரையறுக்கப்படாத, சொந்தச் செய்முறை உணவு) என்று போட்டுவிடலாம்' என்று உரிமம் வாங்கித் தரும் முகவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்த வகையிலும் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட மூலப்பொருள்களைத்தான் சேர்க்க முடியும்.

அடுத்தது ஆய்வறிக்கை. ஈரப்பதம், கிருமி எண்ணிக்கை, ஈயம் பார்த்த சாதாரண அறிக்கையைப் பாதுகாப்புச் சான்று என்று நினைத்து அனுப்புகிறார்கள். அது போதாது. எதிலிருந்து எடுத்தது, எப்படி எடுத்தது, ஒருவர் ஒரு நாளைக்கு எவ்வளவு உண்பார், நச்சுத்தன்மை உண்டா, ஒவ்வாமை வருமா, வெளிநாடுகளில் அனுமதி உண்டா என எல்லாவற்றுக்கும் ஆவணம் கேட்பார்கள். எலிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்க்கும் நச்சு ஆய்வு தேவைப்பட்டால் செலவு பல லட்சம் ஆகும். சிறு குழுவால் அதைத் தாங்க முடியாது என்பது தெரிந்தும் இதற்கென்று ஓர் உதவி மேசைகூட மாவட்டத்தில் இல்லை. வேளாண் பல்கலைக்கழகத்தையோ அரசு ஆய்வு நிறுவனத்தையோ முதலிலேயே கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்குக் கொடுக்கும் மாதிரி, நீங்கள் விற்கப்போகும் அதே செய்முறையில் வந்ததாக இருக்கட்டும். வீட்டு உலர்த்தியில் செய்ததைக் கொடுத்துவிட்டு, பிறகு ஆலையில் வேறு முறைக்கு மாறினால் பழைய ஆய்வு உதவாது. கூடுதல் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் அரைகுறையாகப் பதில் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு அரைப் பதிலும் இன்னொரு கேள்வியாகத் திரும்பி வரும்.

ஒப்புதல் வந்த பிறகும் பொட்டலத்தில் கவனம் தேவை. 'நார்ச்சத்து மிகுந்தது' என்று அச்சடிக்க, திட உணவானால் 100 கிராமில் குறைந்தது 6 கிராமோ, 100 கிலோகலோரிக்குக் குறைந்தது 3 கிராமோ நார்ச்சத்து இருக்க வேண்டும். 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று ஒருபோதும் அச்சடிக்காதீர்கள். அதற்குத் தனி வழக்கு வரும்.