ஓட்டு வீடு வாசகசாலையாகும்போது சிமெண்ட் வேண்டாம்

ஊரில் பூட்டிக் கிடக்கும் முற்றம் வைத்த ஓட்டு வீட்டை வாசகசாலையாகவோ மன்றமாகவோ மாற்றுவது நல்ல காரியம். ஆனால் பூட்டிக் கிடந்த காலத்தைவிட, பழுதுபார்த்த பிறகு வேகமாகக் கெடும் வீடுகள் உண்டு. பெரும்பாலும் சிமெண்ட் பூச்சுதான் காரணம்.

அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஈரத்தடை கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம், அதாவது ஓதம், சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் ஆறிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி எமல்ஷனும் அடித்தால் ஆற வழியில்லாமல் ஓதம் இன்னும் உயரே ஏறும். உப்புப் பூக்கும், பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். இதைவிட ஆபத்து, சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் முனை இற்றுப்போவது. நடுமரம் இரும்புபோல் உறுதியாக இருக்கும். முனையில் உளியால் குத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எந்த வேலைக்கும் முன்பு இதைச் செய்யுங்கள்.

சிமெண்ட் பூச்சை ஓதக் கறைக்கு மேலும் ஒன்றரை அடி வரை கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட வேண்டும். பிறகு நீற்றிப் புளிக்க வைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். வெயிலில் சடாரென்று உலர்ந்தால் வெடிக்கும் என்பதால் ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். ‘கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தால் சீக்கிரம் இறுகும்’ என்று மேஸ்திரி சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பாரம். இந்தியத் தரநிலை 875-இன்படி வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும். ஆட்கள் கூடும் திறந்த கூடத்துக்கு அது 500 கிலோ. புத்தக அடுக்கறைக்கு 600. குடும்பம் படுத்து எழுந்த கட்டைக்குத்து (மர உத்திரங்களின் மேல் தளம் போட்ட) மாடியில் பீரோ பீரோவாகப் புத்தகம் ஏற்றக் கூடாது. புத்தகம் கீழேயே, சுவரை விட்டு நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். கட்டடப் பொறியாளர் பார்க்கும்வரை மாடிப்படியைப் பூட்டி வையுங்கள்.

முற்றத்தைத் தகரமோ பிளாஸ்டிக் தகடோ போட்டு மூட வேண்டாம். காற்றும் வெளிச்சமும் அங்கிருந்துதான் வருகின்றன. மழைநீர் வெளியேறும் தூம்பை மட்டும் ஐப்பசிக்கு முன்பே தூர் எடுங்கள்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் 12-க்கு 1. இரண்டடி உயரத் தரைக்கு 24 அடி நீளம் வேண்டும். வாசலில் அவ்வளவு இடம் இருக்காது. அதற்காகத் திண்ணையை இடிக்காமல் பக்கவாசலைப் பயன்படுத்துங்கள். அங்கே 90 சென்டிமீட்டர் வழி கிடைக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

கழிப்பறையை உள்ளறை ஒன்றில் அடைக்கவே கூடாது. குழாய்க் கசிவு பழைய சுவரில் இறங்கினால் வருடக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாது. கொல்லைப்புறத்தில், சுவரோடு ஒட்டாமல் தனியாகக் கட்டுங்கள்.