நிலைபேண்தகு பெறுகை: சொல்லும் பொருளும்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அரச அலுவலக அறிவித்தல்களில் ‘பெறுகை’ என்னும் சொல் அடிக்கடி கண்ணிற்படும். கடைத்தெருவில் அதைச் சொல்வோர் அரிது. அங்கே வழங்குவன கொள்வனவு, சப்ளை, டெண்டர் என்பனவே. தமிழ்நாட்டில் இவற்றுள் பெரும்பகுதியைக் ‘கொள்முதல்’ என்ற ஒரே சொல் தாங்கிக்கொள்கிறது. ஆயினும் கொள்வனவும் பெறுகையும் ஒன்றல்ல.

‘கொள்’ என்பது விலை கொடுத்து வாங்குதலைக் குறிக்கும் பழஞ்சொல். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை ‘கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது’ என்கிறது. இங்கே கொள்ளல் வாங்குவது, கொடுத்தல் விற்பது. ஈழத்து வழக்கில் ‘கொடுப்பனவு’ என்பதற்கு இணையாக ‘கொள்வனவு’ நிலைத்தது. அறுவடைக் காலத்தில் ‘நெல் கொள்வனவு’ என்ற பேச்சைக் கேளாத ஊர் அம்பாறையில் இராது.

பெறுகை என்பதோ ‘பெறு’ என்னும் வினையோடு ‘கை’ விகுதி சேர்ந்து, வருகை, செய்கை என்பனபோல் அமைந்த தொழிற்பெயர். வாங்குதல் மட்டுமன்றி வாடகை, குத்தகை முதலிய வழிகளிற் பெறுதலும், பொருளோடு கட்டட வேலையும் சேவையும் இதில் அடங்கும். ஒரு பிரதேச சபை குப்பை ஏற்றுவதற்கு உழவு இயந்திரமொன்றை வாடகைக்கு அமர்த்தினால் அது பெறுகை, கொள்வனவு அன்று. 2015இல் 19ஆவது திருத்தத்தின் வழியே தேசிய பெறுகை ஆணைக்குழு இலங்கை அரசியலமைப்பில் இடம்பெற்றது. 20ஆவது திருத்தத்தால் நீங்கி, 2022இல் 21ஆவது திருத்தத்தோடு மீண்டது. ‘புறொக்கியூர்மன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரில் ‘கூரா’, அதாவது கவனிப்பு, என்ற பொருள் உண்டு: பிறர்பொருட்டு ஒரு காரியத்தைக் கவனித்தல். பொதுப்பணத்தைச் செலவிடுவோருக்கு அந்த மூலப்பொருள் நன்றாகவே பொருந்தும்.

‘சஸ்ரெயினபிள் புறொக்கியூர்மன்ட்’ என்பதைத் தமிழாக்கும்போது இடர்ப்பாடு அடைமொழியில்தான் இருக்கிறது. 1987இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆணைக்குழுவொன்று வெளியிட்ட புருண்ட்லாண்ட் அறிக்கை, வருந்தலைமுறையினர் தம் தேவையை நிறைவேற்றும் ஆற்றலைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றும் வளர்ச்சியைப் பற்றிப் பேசியபின், ‘சஸ்ரெயினபிள்’ என்ற சொல் உலகெங்கும் பரவிற்று. அதனை ‘நிலையான’ என்று பெயர்ப்பவர் பலர். ஆனால் வங்கியில் ‘நிலையான வைப்பு’ வைத்திருக்கும் ஒருவர் ‘நிலையான கொள்வனவு’ என்று வாசித்தால், மாதந்தோறும் ஒரே அளவில் வாங்குவதென்றே எண்ணுவார், அவரிற் பிழையில்லை. அரச ஆவணங்களில் வரும் ‘நிலைபேறான’ என்பது இதனினும் மேல். பேறு, பெறு என்பதன் முதல் நீண்டு அமைந்ததாகையால், ‘நிலைபேறான பெறுகை’ என்ற தொடரில் ஒரே வேர் இருமுறை வருகிறது. எனினும் நிலைபேறு என்பது எய்திவிட்ட நிலையைச் சுட்டுகிறது. ‘நிலைபேண்தகு’ என்பதிலுள்ள ‘பேண்’ தொடர்ந்து செய்யவேண்டிய காரியத்தைச் சொல்கிறது. என் தெரிவு அதுவே.

பொருளை ஒரு தயிர்ச் சட்டியில் வைத்துப் பார்க்கலாம். பாசிக்குடாவில் ஓர் உல்லாச விடுதி காலை உணவுக்கு எருமைத் தயிர் வாங்குகிறது என்று கொள்வோம். பிளாஸ்ரிக் கிண்ணத்தில் வருவது மலிவாக இருக்கலாம். ஆனால் வெறுங்கிண்ணங்களை அகற்றும் செலவு விலைச்சிட்டையில் இராது. மண்சட்டி என்றவுடன் அது குற்றமற்றது என்று முடிவுகட்டுவதும் அவசரமே: களிமண் எங்கே தோண்டப்பட்டது, சூளைக்கு விறகு எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவேண்டும். பெரும்போக விதைப்பின்போது மாடுகளைச் சாய்த்துச் செல்ல மேய்ச்சல் தரை இல்லையேல் பால் வரத்தே குறைந்துவிடும். விலையோடு இந்தச் சூழல், சமூக, பொருளாதார விளைவுகளையும், பொருளின் ஆயுட்காலச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பெறுவதே நிலைபேண்தகு பெறுகை. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற நிலைபேண்தகு வளர்ச்சி இலக்குகளுள் 12.7 பொதுப் பெறுகைக்கு இதனை வலியுறுத்துகிறது. இத்தகைய பெறுகை பற்றிச் சர்வதேச தரநிர்ணய அமைப்பு 2017இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 20400 வழிகாட்டியே தவிரச் சான்றிதழுக்கான தரமன்று. ‘ஐ.எஸ்.ஓ. 20400 சான்று பெற்றோம்’ என்று எவரேனும் விளம்பரம் செய்தால் ஐயுறலாம்.

விற்பவரைக் குறிக்க ‘வழங்குநர்’ என்பதே பொருத்தம். பெறுநர், இயக்குநர் போல ‘நர்’ விகுதி பெற்றதாதலால் ‘வழங்குனர்’ என்று எழுதுவது வழு. சப்ளையர் பேச்சுக்குப் போதும். அவரைத் தெரிவுசெய்து, தரத்தையும் தவணையையும் மதிப்பிட்டு, குறை கண்டால் திருத்த உதவி, உறவைப் பேணுவதை இலங்கையில் ‘வழங்குநர் முகாமைத்துவம்’ என்கிறோம். தமிழ்நாட்டார் ‘மேலாண்மை’ என்பர். இதனை வழங்குநரைக் கண்காணிப்பது என்று மட்டும் விளங்கிக்கொள்வோர் உளர். வாங்குபவர் உரிய நாளிற் காசு கொடுப்பதும் இதில் அடக்கம். சட்டித் தயிரைக் கடனுக்கு இறக்கிவிட்டுக் காசோலைக்காகப் பல வாரம் காத்திருக்கும் சிறு பண்ணையாளரால் மாட்டுக்கு மருந்தோ, அடுத்த தடவைக்குச் சட்டியோ வாங்க இயலாது.