18 வயது தாண்டியவருக்கு இதயத்தில் ஓட்டை: எக்கோவும் காப்பீட்டு அட்டையும்

இதயத்தில் ஓட்டை என்றாலே அது குழந்தைகளுக்கு வருவது என்று நினைக்கிறோம். ஆனால் இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் இருக்கும் ஓட்டை நாற்பது வயது வரைகூட வெளியே தெரியாமல் இருக்கலாம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போய் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுக்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் சிறார் நலத் திட்டம் 18 வயதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் தமிழ்நாட்டில் கைகொடுப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறார்கள். பிறவியிலேயே இருந்த நோய் என்று சொல்லி ஒதுக்க முடியாது.

முதலில் ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணமான பெண்களுக்குப் பிறந்த வீட்டு கார்டில் பெயர் நீக்கியிருப்பார்கள், புகுந்த வீட்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். அவசரத்தில் இதுதான் காலை வாரும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்க் காப்பீட்டு அட்டை வாங்க வேண்டும்.

இந்த அட்டை முக்கியமாக உள்நோயாளி சிகிச்சைக்கானது. அதனால் முதல் எக்கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளியாகவே எடுத்துவிடுங்கள். ஓட்டையை அடைக்கக் காப்பீட்டில் முன் அனுமதி கேட்கும்போது அந்த ரிப்போர்ட்தான் ஆதாரம்.

ரிப்போர்ட்டில் 'இ.எஃப். 60 சதவீதம்' என்று பார்த்ததும் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். அது இடது கீழறையின் வேலைத்திறனைச் சொல்வது. மேலறை ஓட்டையால் விரிவது வலப்பக்கம். ஓட்டை எத்தனை மில்லிமீட்டர், சுற்றிலும் போதிய விளிம்பு இருக்கிறதா, வல அறைகள் விரிந்துள்ளனவா, நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். அழுத்தம் மிகவும் கூடி ரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கிவிட்டால், அதன்பின் ஓட்டையை அடைப்பதே ஆபத்து. நாள் கடத்தக் கூடாது என்பது இதற்காகத்தான்.

நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் தெளிவில்லை என்றால், வாய்வழியாக உணவுக்குழாய்க்குள் குழாய் விட்டு 'டி.இ.இ.' என்ற எக்கோ எடுப்பார்கள். அதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும்.

சிறுவயதிலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் எக்கோவை விட்டுவிடக் கூடாது. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ (நான்கு குறைகள் சேர்ந்து வரும் பிறவி இதய நோய்) என்பதற்கு ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் வால்வு கசிந்து வலது கீழறை விரியலாம். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். காப்பீட்டுச் சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண்: 1800 425 3993.