வால்வு ரேடியோவைச் சொருகிப் பார்ப்பதற்கு முன்னால்

டிரான்சிஸ்டருக்கு முன் இருந்த, கண்ணாடிக் குழாய் (வால்வு) வைத்த பழைய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு என் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "வீட்ல ஒரு தடவை போட்டுப் பார்த்தோம் சார், லேசா புகை வந்துச்சு" என்பதுதான். நாற்பது வருஷம் பரணில் கிடந்தும் தாக்குப்பிடித்த செட், கீழே இறக்கி, தூசி தட்டி, ஆசையாகப் பிளக்கில் சொருகிய ஐந்தாவது நிமிடத்தில் கெட்டுப்போகிறது. அப்பாவும் தாத்தாவும் லைசென்ஸ் கட்டி வைத்திருந்த பெட்டி இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனசு கேட்காது.

"நிறுத்தினப்போ நல்லாத்தான் பாடிட்டு இருந்துச்சு" என்பார்கள். பாடியிருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கண்டன்சர்களுக்கு (கெப்பாசிட்டர்) வயதாகிவிட்டது. மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர்கள் வருஷக்கணக்கில் ஈரத்தை இழுத்து, டிசியைத் தடுக்க வேண்டிய இடத்தில் கசியவிட ஆரம்பிக்கும். அவற்றில் ஒன்று மிகவும் ஆபத்தானது. ஆடியோ வால்வின் பிளேட்டிலிருந்து (சிக்னல் வெளியேறும் முனை), ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) போகும் கப்ளிங் கண்டன்சர். பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட்தான் இருக்கும்.

இஎல்84 என்ற அவுட்புட் வால்வு போட்ட ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். அந்த வால்வின் கிரிட்டில், சேஸிஸிலிருந்து (பாகங்களைப் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டு) அளந்தால், டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும். கண்டன்சர் கசிந்து அங்கே இரண்டு மூன்று வோல்ட் பாசிட்டிவ் ஏறினாலே வால்வு அளவுக்கு மேல் கரன்ட் இழுக்கும். உள்ளே சாம்பல் நிறத்தில் இருக்கும் பிளேட் மெல்ல மங்கிய சிவப்பாகும். செட் அப்போதும் பாடிக்கொண்டிருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அப்புறம் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் மெல்லிய சுற்று எரிந்து போகும். சில ரூபாய்க் கண்டன்சரை மாற்றாததால், கையால் திரும்பச் சுற்ற வேண்டிய டிரான்ஸ்பார்மர் போய்விடுகிறது. செட் கைக்கு வந்ததும் நான் முதலில் மாற்றுவது அந்த ஒரு கண்டன்சரைத்தான்.

அடுத்து, அலுமினிய டப்பாவில் இருக்கும் ஃபில்டர் கண்டன்சர். ரெக்டிஃபயர் வால்வு ஏசியை டிசியாக்கித் தருவதை இது சீராக்கும்; சீராகாவிட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று ஹம் கேட்கும். இதை மாற்றும்போது "கொஞ்சம் பெரிசாவே போடுவோம், ஹம் வராது" என்று சிலர் 220 மைக்ரோஃபாரட் போட்டுவிடுகிறார்கள். இசெட்80 மாதிரி ரெக்டிஃபயர் வால்வுக்கு முதல் கண்டன்சர் 50 மைக்ரோஃபாரடுக்கு மேல் போகக் கூடாது. போனால் ஒவ்வொரு முறை சார்ஜ் ஆகும்போதும் வால்வு அடி வாங்கும். பழைய மதிப்பை ஒட்டியே போடுங்கள், வோல்டேஜ் மட்டும் 450-க்குக் குறையாமல் இருக்கட்டும்.

முதல் முறை கரன்ட் கொடுப்பது எப்போதும் சீரிஸ் லாம்ப் வழியாகத்தான், அதாவது செட்டுக்குப் போகும் கரன்ட் முழுக்க ஒரு பல்பைக் கடந்து போகும்படி. 60 வாட் குண்டு பல்பு போதும், எல்இடி பல்பு ஆகாது. டிரான்ஸ்பார்மர் உள்ள செட் என்றால் ரெக்டிஃபயர் வால்வைக் கழற்றிவிட்டுத் தொடங்குவேன். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் எங்கேயோ ஷார்ட். பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் டேப் இருந்தால் அதையும் பாருங்கள். 220-ல் விட்டுவிடாமல் 245-ல் வையுங்கள். இன்று பல வீடுகளில் 240-ஐத் தாண்டியே வருகிறது.

இதுவரை சொன்னது ரேடியோவுக்கு வரும் ஆபத்து. இனி ஆளுக்கு வரும் ஆபத்து.

ஒரு அம்மா தன் அப்பாவின் ரேடியோவைக் கொண்டுவந்தார். வால்யூம் குமிழ் உடைந்து, வெறும் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. "தொட்டா சில நேரம் சுர்ருங்குது, சில நேரம் ஒண்ணும் இல்ல" என்றார். திருப்பிப் பார்த்தால் யுசிஹெச், யுஎல், யுஒய் என்று வால்வு நம்பர்கள். ஏசி/டிசி செட். சேஸிஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தேன், 230-ஐ ஒட்டிக் காட்டியது. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகியதும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த வீட்டில் பிளக் எந்தப் பக்கம் சொருகப்பட்டது என்பதைப் பொறுத்து ஒரு நாள் ஷாக், ஒரு நாள் இல்லை. ஈரக் கையோடு யாராவது பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

இந்த வகை செட்டில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே கிடையாது. அந்தக் காலத்தில் சில நகரங்களில் டிசி சப்ளை இருந்ததால் இரண்டிலும் ஓடும்படி செய்தார்கள். மெயின்ஸின் ஒரு கம்பி நேராகச் சேஸிஸோடு சேரும். சில செட்களில் சுவிட்சை அணைத்தாலும், வால்வு ஃபிலமென்ட்கள் வழியாகச் சேஸிஸுக்கு பேஸ் வந்து நிற்கும். குமிழைப் பிடித்திருக்கும் சின்னத் திருகு, பின்மூடித் திருகு எல்லாவற்றிலும் கரன்ட் இருக்கும். ஏரியல் சாக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் கண்டன்சர் கசிந்தால், கூடத்தில் குறுக்கே கட்டிய செம்பு வலை ஏரியலிலும் கரன்ட் பாயும். அந்த இடத்தில் ஒய்2 ரகம் (மெயின்ஸ் பாதுகாப்புக்கென்றே செய்த கண்டன்சர்) தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

வால்வு நம்பர் 'யு'-வில் தொடங்கினால் ஏசி/டிசி. 'இ'-யில் தொடங்கினால் 6.3 வோல்ட் ஃபிலமென்ட், பொதுவாக டிரான்ஸ்பார்மர் இருக்கும். ஆனால் சில செட்களில் மெயின்ஸைப் பிரிக்காத ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வைத்திருப்பார்கள், அதிலும் சேஸிஸ் லைவ்தான். அதனால் நம்பரை மட்டும் நம்பாமல், பிளக்கை வெளியே எடுத்து, செட்டின் சுவிட்சை ஆன் செய்து, பிளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். மெகா ஓம் காட்ட வேண்டும். சில ஓம்கள் காட்டினால், மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மூடியைத் திறந்து வேலை செய்யாதீர்கள்.

"வீட்ல ஆர்சிசிபி இருக்கே" என்று, கரன்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்சை நம்பிக் கேட்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் செட்டில் 250 வோல்ட் எச்டி (ஹை டென்ஷன்) லைனையும் சேஸிஸையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. அது டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் நடக்கிற விஷயம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யாமல், சில கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

இன்னும் ஒன்று. ஸ்டேஷன்களைப் பிரித்துக் கொடுக்கும் ஐஎஃப் டிரான்ஸ்பார்மர்களின் கோர்களை "லூசா இருக்கு" என்று திருகாதீர்கள். பழைய ஃபெரைட் நொறுங்கும், அலைன்மென்டும் (டியூனிங் ஒழுங்கு) போகும். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு புளூடூத் போர்டு வைத்துத் தரச் சொல்கிறவர்களுக்கு நான் அந்த வேலையைச் செய்து கொடுப்பதில்லை. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வுகள் பலவும் இன்றைக்கும் நன்றாகவே ஓடுகின்றன. கண்டன்சர்களை மாற்றினாலே பாதி செட்கள் எழுந்துவிடும்.

சரி, ஓட ஆரம்பித்தபின் முள்ளை மீடியம் வேவில் 320 மீட்டருக்குக் கொண்டுபோனால் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ். அங்கே பாட்டுக்குப் பதில் கர்ரென்று இரைச்சல் மட்டும் வந்தால், செட்டைத் திரும்ப என்னிடம் கொண்டுவருவதற்கு முன் வீட்டின் எல்இடி பல்புகளையும் செல்போன் சார்ஜர்களையும் அணைத்துப் பாருங்கள், ஏரியலை வயரிங்கிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.