சதுப்பில் தீ மூட்டுவது யார்?

கொள்ளிவாய்ப் பிசாசு நம் ஊர்களில் மட்டும்தான் உலவுகிறதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக், சஃபோக் பகுதிச் சதுப்புகளில் அதற்கு 'லேன்டர்ன் மேன்', அதாவது விளக்குக்காரன், என்று பெயர். இருட்டில் வழி தவறியவருக்கு வீட்டு விளக்குபோல மினுக்கிக் காட்டிச் சேற்றில் அமிழ்த்துவது அவன் வேலை. சீழ்க்கை ஒலி கேட்டால் தேடி வருவான். வந்துவிட்டால் மூச்சை அடக்கிக் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஊரார் சொல்லிவைத்த தற்காப்பு.

எரிபொருளில் மர்மமில்லை. ஆக்சிஜன் எட்டாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் இயற்பியலாளர் வோல்ட்டா அடிச்சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் பிடித்து எரித்தே காட்டினார். ஆனால் கொளுத்தியது யார்? மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ள ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். காற்றுப் பட்டதும் பற்றும் டைபாஸ்பேன் வாயுவைப் பலர் கைகாட்டினர். அது எரிந்தால் வெண்புகை கிளம்ப வேண்டும், விளக்குக்காரன் கதைகளிலோ புகை வருவதில்லை.

2025இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஜாரே குழு குமிழியையே கூர்ந்து பார்த்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நீரும் வாயுவும் தொடும் பரப்பில் மின்னூட்டம் சேர்கிறது. அளவில் வேறுபட்ட நுண்குமிழிகள் எதிரெதிர் மின்னூட்டம் பெறுகின்றன. அவை நெருங்கும்போது இடைவெளி மிகச் சிறியது என்பதால், அற்ப மின்னூட்டமே மேகங்களுக்கிடையில் நிகழ்வதுபோன்ற மின்புலத்தை எழுப்பி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்னலைப் பாய்ச்சிவிடுகிறது. மீத்தேனும் காற்றும் கலந்த குமிழிகளை நீருக்குள் செலுத்தி, அதிவேக ஒளிப்படக் கருவியில் அந்தப் பொறிகளைப் பதிவு செய்தார்கள். அந்தப் பொறி பட்ட மீத்தேன் அடுப்புத் தீயைப்போல் கொழுந்துவிடாமல் ஆக்சிஜனுடன் மெல்ல வினைபுரிகிறது. இத்தகைய குளிர்சுடர்களில் பிறக்கும் ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகள், ஆற்றல் மிகுந்த கிளர்ந்த நிலையிலிருந்து தணியும்போது வெளிவிடுவது மங்கிய நீல ஒளி.

இவையெல்லாம் ஆய்வகக் குமிழிகள்; சதுப்பில் இன்னும் பிடிபடவில்லை. பிடிக்கச் சதுப்பும் அதிகம் மிச்சமில்லை: 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சுப் பொறியாளர் வெர்மொய்டன் தலைமையில் கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சதுப்பு நிலங்களை வடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எஞ்சியிருக்கும் விக்கன் ஃபென்னில் யாராவது கேமராவோடு சில இரவுகள் விழித்திருக்க வேண்டும். அதற்கு நிதி கேட்டால், பேய் பிடிக்கவா பணம் என்று நிதி ஒதுக்கும் குழுவில் ஒருவர் நிச்சயம் சிரிப்பார். நான் அந்தக் குழுவில் இருந்தால் முதல் கையெழுத்து என்னுடையதுதான்.