ஒரே புண்ணாக்கு, இரண்டு மாடு

மலேசியாவில், ஜொகூரின் குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் மாடு வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பேச்சு சீக்கிரமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். சாதி மாடு வாங்கினால்தான் உடம்பு ஏறும் என்பது ஒன்று. தீனியைக் கூட்டு, எந்த மாடும் ஏறும் என்பது இன்னொன்று. நம்மவர்களில் பலர் மாட்டிறைச்சியைத் தொடாதவர்கள். ஆனாலும் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது ஒரு காளை என்ன விலைக்குப் போகும் என்று கண்ணாலேயே எடை போட்டுவிடுவார்கள். ஆக, இந்தச் சண்டையில் காசும் இருக்கிறது.

ஒரே கொட்டகையில் ஒரு கெடா-கிளந்தான் காளையையும் ஒரு பிராக்மாஸ் காளையையும் கட்டி வைத்ததாக வைத்துக்கொள்வோம். முதலாவது இந்த மண்ணின் மாடு. சின்ன உடம்பு, எதைப் போட்டாலும் தின்னும், தீனி மட்டமான காலத்திலும் கன்று போடும். இரண்டாவது, அதே மாட்டோடு பிரமன் என்ற திமில் இனத்தைக் கலந்து, மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி உருவாக்கியது. உயரம் கூடுதல், அலைதாடியும் திமிலும் எடுப்பாக இருக்கும். இரண்டுக்கும் அதே புல், அதே செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. ஆனால் தராசில் ஏற்றினால் கணக்கு ஒன்றாக வராது. ஏன்?

மாட்டின் மரபணுக்கள் சுமார் 22,000. ஹெர்ஃபோர்டு இனப் பசு ஒன்றின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து 2009இல் வெளியிட்டபோது கிடைத்த கணக்கு இது. ஈரலிலும் அதே மரபணுக்கள், தொடைத் தசையிலும் அதே மரபணுக்கள். எது எங்கே எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். தோட்டத்துப் பெரட்டை, அதாவது காலையில் ஆள்களுக்கு வேலை பிரிக்கும் கூட்டத்தை, நினைத்துப் பாருங்கள். செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் எல்லார் பெயரும் இருக்கும். ஆனால் இன்றைக்குக் குலை வெட்டப் போவது யார், மருந்தடிக்கப் போவது யார் என்பது, வேலை வாங்கும் மேற்பார்வையாளரான மண்டோர் கூப்பிடுவதைப் பொறுத்தது. பெயர் இருந்தும் கூப்பிடாதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. இனம் என்பது அந்த செக்ரோல். தீனி, வெயில், நோய், வயது எல்லாம் பெரட்டில் ஆள் கூப்பிடும் சங்கதிகள். இதில் ஒரு சிக்கலும் உண்டு: எந்த மண்டோர் யார் பேச்சைக் கேட்பார் என்பதும் இனத்திலேயே எழுதியிருக்கிறது. அதனால்தான் ஒரே தீனிக்கு இரண்டு மாடும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

வேலைக்கு வந்த மரபணு ஆர்என்ஏ என்ற படியை எழுதும். அதை வைத்துத்தான் புரதம் தயாராகிறது. ஆய்வாளர்கள் மாட்டின் முதுகுத் தசையில் கடலைப் பருப்பளவு துண்டை எடுத்ததும் திரவ நைட்ரஜனில் போட்டுவிடுவார்கள். மைனஸ் 196 டிகிரி. கொஞ்சம் தாமதித்தாலும் ஆர்என்ஏ சிதைந்துபோகும். பிறகு எந்த மரபணு எத்தனை படி எழுதியிருக்கிறது என்று எண்ணுவார்கள்.

தீனி எப்படி உத்தரவு போடுகிறது? மாடு தின்பது வேறு, மாட்டுக்குக் கிடைப்பது வேறு. பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் முதலில் தின்று, மிச்சத்தை அமிலங்களாக மாற்றிக் கொடுக்கின்றன. அவற்றில், நார் அதிகமான தீனியில் அசிட்டேட் என்ற வகை மேலோங்கும். மக்காச்சோளம் மாதிரி மாவுச்சத்துத் தீனியில் புரோப்பியோனேட் என்ற வகை கூடும். அது ஈரலுக்குப் போய் குளுக்கோஸ் ஆகும், இன்சுலின் ஏறும், கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். தோலுக்கு அடியில் படியும் கொழுப்பு பெரும்பாலும் அசிட்டேட்டில் உருவாகிறது. தசைக்கு நடுவே வெள்ளைக் கோடுகளாக ஓடும் கொழுப்புக்குக் குளுக்கோஸ் கூடுதலாக வேண்டும். நம் புண்ணாக்கில் புரதம் பரவாயில்லை, ஆனால் மாவுச்சத்து மிகக் குறைவு, நார் அதிகம். அது எடை ஏற்றும். அந்த வெள்ளைக் கோட்டை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சரி, சோளத்தையே கொட்டினால்? அப்போதும் ஜப்பானின் வாக்யு மாட்டில் கொழுப்பணுக்களை முதிரவைக்கும் பிபார் காமா மாதிரியான மரபணுக்கள் பாயும் வேகத்துக்குத் திமில் மாட்டில் பாயாது. திமில் மாடுகளில் கால்பாஸ்டாட்டின் என்ற புரதமும் தூக்கலாக இருக்கும். அறுத்த பிறகு இறைச்சியை மிருதுவாக்கும் நொதியை அது தடுக்கும். கறி கொஞ்சம் முரடாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெல்ஜியன் புளூ மாடு இன்னொரு கோடி. மயோஸ்டாட்டின் மரபணுவில் 11 எழுத்துகள் காணாமல் போனதால், தசை வளர்ச்சிக்குப் பிரேக் போடும் புரதம் அதில் வேலை செய்வதில்லை. 1997இல் இது தெரியவந்தது. எந்தத் தீனி கொடுத்தும் இன்னொரு மாட்டில் அந்த உடம்பைக் கொண்டுவர முடியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வைட்டமின் ஏ கதை. பச்சைப் புல்லில் பீட்டா கரோட்டின் நிறைய. உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக்கும். அதிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் உயிரணுவின் கருவுக்குள்ளேயே நுழைந்து, பிபார் காமாவின் வேலையைத் தணித்துவிடும். ஜப்பானியப் பண்ணைகளில் கொழுக்கவைக்கும் பருவத்தில் வைட்டமின் ஏ-வை வேண்டுமென்றே குறைப்பது இதனால்தான். அளவு தவறினால் மாட்டுக்குக் கண் போய்விடும், மூட்டு வீங்கும். விளையாட்டு இல்லை. ஆனால் பிறந்த கன்றுக்கு அதே வைட்டமினைக் கொடுத்தால் பலன் தலைகீழ்: பிற்காலத்தில் கொழுப்பணு ஆகப்போகும் முன்னோடி அணுக்கள் அப்போது பெருகுகின்றன. சத்து ஒன்றுதான், வயதுக்கு வயது உத்தரவு மாறுகிறது.

நம் ஊரில் யாரும் பேசாத இடமும் இந்த வயதுதான். தசை நார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் கன்று வயிற்றில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. பிறந்த பிறகு நார் தடிக்கும், எண்ணிக்கை அவ்வளவாகக் கூடாது. தசைக்குள் கொழுப்பணு உருவாகும் வாய்ப்பும் ஏறக்குறைய எட்டு மாதக் கன்றோடு குறைந்துபோகும். பெருநாளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது காளைக்கு மூட்டை மூட்டையாகப் புண்ணாக்கு வாங்குபவர், அதே மந்தையில் சினையாக நிற்கும் பசுவைச் செம்பனை நிழலில் முளைத்த புல்லை மட்டும் நம்பி விட்டிருப்பார். என் கணக்கில், முதல் மூட்டை அவளுக்குப் போக வேண்டியது.